தூக்கத்தின் சுழிப்பிழை

ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்கிறீர்கள்? முகங்களைச் சேர்த்து, சுழிப்பிழை உண்டா என்று பார்க்கிறீர்கள். புராஸ்டேட் புற்றுநோயாளிகளின் தூக்கத்தைக் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு முன்பே அளப்பதும் இதைப் போன்றதுதான். பிற்பாடு தூக்கம் கெட்டால், அதில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு என்று கணிக்கத் தொடக்க அளவு வேண்டுமல்லவா?

இதற்குப் பெரிதும் பயன்படுவது, 1989-இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தரக் குறியீடு. கடந்த ஒரு மாதத்தைப் பற்றிய 19 வினாக்கள். அவற்றிலிருந்து 7 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பு. மொத்தம் 5-ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். எளிய முறை, செலவும் இல்லை. அதை மறுப்பதற்கில்லை.

என் குறையெல்லாம் அதன் கூட்டலைப் பற்றியது. சிறுநீர் கழிக்க எழுந்தீர்களா, உடல் வெப்பமாக இருந்ததா, கெட்ட கனவு வந்ததா, வலித்ததா என்று வினாத்தாள் தனித்தனியாகவே கேட்கிறது. பிறகு, இவை உட்பட ஒன்பது விடைகளைக் கூட்டி ஒரே கூறாக்கிவிடுகிறது! கூட்டுத்தொகை 1 ஆனாலும் 9 ஆனாலும் அக்கூறின் மதிப்பு 1 தான். இன்னொன்றும் கவனியுங்கள். ‘வாரம் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்பதே உச்ச விடை. எனவே இரவுதோறும் நான்கு முறை எழுகிறவரும், வாரத்தில் மூன்று இரவுகள் ஒரே ஒரு முறை எழுகிறவரும் இங்கே சமம்.

இந்த நோயாளிகளிடம் இது சிறு குறையன்று. புராஸ்டேட் சுரப்பி, சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சூழ்ந்திருக்கிறது. முதுமையில் அது பருத்தாலே இரவில் அடிக்கடி எழ நேரும். அதற்குப் புற்றுநோய்தான் வேண்டும் என்பதில்லை. மேலும் பலருக்குக் கதிர்வீச்சுக்குச் சில வாரங்களோ மாதங்களோ முன்னதாகவே டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் ஊசி போடப்படுகிறது. அதனால் திடீரென்று உடல் கொதித்து வியர்க்கும், நள்ளிரவிலும் வரும். அவருடைய ‘கடந்த ஒரு மாதம்’ சிகிச்சைக்கு முந்தியதா, பிந்தியதா? சுழிப்பிழை பார்க்கும்போதே திருகு சுழன்றுகொண்டிருக்கிறது!

நோயைப் பற்றிய கவலையும் தூக்கத்தைக் கெடுக்கும்தான். ஆனால் 9 என்ற மொத்த எண்ணை மட்டும் பார்த்து, ‘எல்லாம் கவலை’ என்று தூக்க மாத்திரை எழுதினால் என்ன ஆகும்? சிறுநீர் முட்டும்போது எழாமல் இருக்க முடியாது. எழுபது வயதுக்காரர் மாத்திரை மயக்கத்தோடு, இருட்டில் தடுமாறிக் கழிவறைக்குப் போவார். விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம்.

வினாத்தாளைத் தூக்கியெறிய வேண்டாம். இரவில் எத்தனை முறை எழுகிறார், எழுப்புவது சிறுநீரா, வியர்வையா, கவலையா, முதல் ஊசி போட்ட தேதி என்ன என்ற மூன்று வரிகளை அதன் அடியில் சேர்த்து, கூட்டாமல் அப்படியே மருத்துவரிடம் கொடுத்தால் போதும்.