உருளும் விரல், ஓயாத தந்தி

பேஸ் கிட்டாரில் இ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டை ஆள்காட்டி விரலால் அழுத்தினால் ஏ சுரம். அதே ஃப்ரெட்டில் அடுத்த தந்தியில் டி. இரண்டையும் அடுத்தடுத்து வாசிக்க விரலைத் தூக்கி வைத்தால் நடுவில் ஒரு வெட்டு விழும். விரலைப் படுக்கப்போட்டு இரண்டையும் ஒரேயடியாக அமுக்கினால் சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே போகும் வழிதான் ஃபிங்கர் ரோலிங். நுனியில் நிற்கும் விரல் கடைசிக் கணுவில் மெல்லத் தட்டையாகிறது. அழுத்தம் அடுத்த தந்திக்கு நகர்கிறது. நுனி முதல் தந்தியை விட்டு விலகாமல் அதைச் சும்மா தொட்டபடி இருந்து ஒலியை அடக்குகிறது.

பேஸுக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று ச–ம இடைவெளியில் சுருதி சேர்க்கப்பட்டவை. ஆறு தந்தி கிட்டாரில் ஜிக்கும் பிக்கும் இடையே இந்த ஒழுங்கு உடைகிறது. பேஸில் உடைவதே இல்லை. எந்த ஃப்ரெட்டில் மேல்நோக்கி உருட்டினாலும் ச–ம. கீழ்நோக்கி உருட்டினால் ச-விலிருந்து மந்தர ப. எடி ஹாரிஸின் ‘ஃப்ரீடம் ஜாஸ் டான்ஸ்’ மெட்டில் ச–ம தாவல்கள் நிறைய. அதை ரோல் தெரியாமல் பேஸில் வேகமாக எடுக்க முயன்றவருக்கு இந்த உத்தியின் அருமையை யாரும் விளக்க வேண்டாம்.

என் குறை உத்தியின் மேல் இல்லை, அதைப் பழகும் முறையின் மேல். நான்கு விரலுக்கும் ஒரே பயிற்சி, நான்கு தந்தியிலும் ஏறி இறங்க வேண்டும், மெட்ரோனோம் நாளுக்கு நாள் கூட வேண்டும். நானும் அப்படித்தான் இரண்டு மாதம் ராத்திரியில் ஆம்ப் போடாமல் உருட்டினேன். 120-ஐத் தொட்ட பெருமையோடு ஒத்திகைக்குப் போனால், டிரம்ஸ் வாசித்த நண்பன் கேட்டான்: “என்ன மச்சான், கார்டா வாசிக்கிற?” ஆம்பில்தான் குட்டு வெளிப்பட்டது. என் விரல் உருண்டிருக்கிறது, முதல் சுரம் ஓயவே இல்லை.

கிட்டாரில் இது பெரிய குற்றமாகத் தெரியாது. பேஸில் தெரியும். இங்கே ஏ 55 ஹெர்ட்ஸ், டி ஏறத்தாழ 73. இவ்வளவு கீழே, இத்தனை நெருக்கத்தில் இரண்டும் சேர்ந்து ஒலித்தால் காதுக்கு உறுமல்தான் மிஞ்சும். இன்னொரு வம்பும் உண்டு. இ தந்தியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் திறந்த ஏ தந்தியும் ஒரே சுரம் என்பதால், யாரும் தொடாத ஏ தந்தியும் கூடவே அதிரத் தொடங்கும். ஆகவே ரோலில் பாதி வேலை அழுத்துவது, பாதி வேலை அடக்குவது. வேகத்தை மட்டும் எண்ணும் பயிற்சி முதல் பாதிக்கே மதிப்பெண் போடுகிறது.

இறங்கும் திசை இன்னும் கஷ்டம். டி-யிலிருந்து ஏ-வுக்கு வர வேண்டுமானால் தொடக்கத்திலேயே விரலின் சதைப்பகுதியால் டி-யை அழுத்தி, நுனியை இ தந்தியின் மேல் காத்திருக்க வைக்க வேண்டும். பழக்கதோஷத்தில் நுனியாலேயே டி-யைப் பிடித்துவிட்டால் உருள இடமில்லை, குதிக்கத்தான் வேண்டும். பெரும்பாலானோர் ஏறுவதையே பழகுவதால் இந்த முன்யோசனை கைக்கு வருவதில்லை.

சுண்டு விரலை வதைப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது குட்டை; பலருக்கு அதன் கடைசிக் கணு பின்னோக்கி வளையாது. வளையாத கணுவை வளைக்க மணிக்கட்டு முறுக்கிக்கொள்ளும். ஆள்காட்டி விரலும் மோதிர விரலும் உருளத் தெரிந்தால் ஏறக்குறைய எல்லாப் பாட்டுக்கும் போதும். ஃப்ரெட் இல்லாத பேஸில் கதையே வேறு: விரல் கொஞ்சம் சாய்ந்து படிந்தாலும் இரண்டில் ஒரு சுரம் அபஸ்வரம்.

கற்றவர்கள் செய்யும் தவறு ஒன்றும் இருக்கிறது. கிடைத்த இடத்திலெல்லாம் உருட்டுவார்கள். மூன்றாவது ஃப்ரெட்டில் சி, கீழே ஜி என்று நிதானமாக நடக்கும் பாட்டுக்கு ரோல் எதற்கு? விரலைத் தூக்கி வைத்தால் விழும் அந்தச் சின்ன வெட்டுதான் தாளத்துக்கு உயிர்.

மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய 1962 ஃபெண்டர் பிரசிஷனில் பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஃபோம் இருந்தது. தந்திகளோ தடித்த, வழவழப்பான, மாற்றாமல் வைத்திருந்த பழையவை. சுரம் தானாகவே சீக்கிரம் செத்துவிடும். நம் கையில் இருக்கும் பளபளப்பான புதுத் தந்திகள் அப்படிச் சாவதில்லை. அந்த ஃபோம் செய்த வேலையை நம் விரல் நுனிதான் செய்தாக வேண்டும்.

பயிற்சியை விடச் சொல்லவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், இரண்டு விரல், ஏறுவதைவிட இறங்குவது அதிகம். ஆம்ப் கட்டாயம் ஓடட்டும். மெட்ரோனோமை 50-ல் வையுங்கள். இரண்டாவது சுரம் பிறக்கும்போது முதல் சுரம் நின்றுவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். நிற்கவில்லை என்றால் 51-க்குப் போகாதீர்கள்.