நேர்காணல்: திருத்தும் கை யாருடையது?

2016இல் நான் எடுத்த ஒரு நேர்காணலைத் தொகுப்பு நூலில் சேர்க்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள். மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்தவன், எதற்கும் இருக்கட்டும் என்று பழைய ஒலிப்பதிவையும் போட்டுக் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். பதிவில் பேசுகிற பெண்ணும் அச்சில் பேசுகிற பெண்ணும் ஒருவர் அல்ல. அவர் நாகைப் பக்கம் ஆயுள் முழுக்க நடவு நட்டவர், சங்கத்தில் இருந்தவர், அப்போது எழுபது வயதைத் தாண்டியிருந்தார். அச்சில் இருப்பவரோ தமிழ் எம்.ஏ. படித்திருக்கிறார். யாரிடம் படித்தார் என்று சொல்லத் தேவையில்லை.

நீண்ட நேர்காணலுக்குத் தமிழில் ஒரு மரியாதை வந்தது 1991க்குப் பிறகு, கோமல் சுவாமிநாதன் ஆசிரியராக இருந்து நடத்திய சுபமங்களாவில்தான் என்பது என் கணிப்பு. கட்டுரையில் ஒளிந்துகொள்கிற எழுத்தாளர் பேச்சில் மாட்டிக்கொள்வார் என்பதை அந்த இதழ் மாதாமாதம் காட்டியது. 1995இல் கோமல் மறைந்தார், இதழும் நின்றது. ஆனால் வடிவம் நிற்கவில்லை. இன்றைக்கு நேர்காணல் இல்லாத சிற்றிதழ் அபூர்வம். கேள்வியே ஒன்றரைப் பக்கம், பதில் “ஆமாம், நீங்கள் சொல்வது சரிதான்” என்று முடிகிற நேர்காணல்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவற்றை விடுவோம். நான் கேட்க நினைப்பது வேறு. பேசி முடித்த பிறகு, ஒலிப்பதிவு எழுத்தாகி, எழுத்து சுருங்கி, அச்சுக்குப் போகிற அந்தப் பயணத்தில் கடைசியாகப் பேனாவைப் பிடிப்பவர் யார்? அவர்தான் அந்தப் பிரதியின் ஆசிரியர் என்பேன். பேசியவர் அல்ல, கேட்டவரும் அல்ல.

பெரிய மனிதர்கள் விஷயத்தில் இதில் குழப்பமே கிடையாது. 1953இல் தொடங்கிய ‘பாரிஸ் ரிவ்யூ’ தன் நேர்காணல்களின் எழுத்துப்படியை எழுத்தாளரிடமே திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொல்வதை வழக்கமாக வைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய உதாரணம் ஹைடெக்கர். நாஜிக் கட்சியில் சேர்ந்தது, 1933இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பேற்றது எல்லாவற்றையும் பற்றி ‘டெர் ஷ்பீகல்’ இதழின் ருடால்ஃப் ஔக்ஷ்டைனும் கெயார்க் வோல்ஃபும் 1966 செப்டம்பரில் அவரிடம் கேட்டார்கள். பேச அவர் ஒரு நிபந்தனை போட்டார்: தான் செத்த பிறகே வெளியிட வேண்டும். தட்டச்சுப் பிரதியை வாங்கித் திருத்தவும் செய்தார். 1976 மே 26 அன்று இறந்தார், 31 அன்று இதழில் வந்தது. பத்து வருஷம் ஒரு பத்திரிகை அந்தப் பக்கங்களைப் பெட்டியில் பூட்டி வைத்துக் காத்திருந்தது. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவருக்கு, பதிலைத் திருத்துகிற உரிமையும், எதிர்க்கேள்வி கேட்க முடியாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அதை வெளியிடவைக்கிற உரிமையும் கிடைத்தன.

சார்த்தர் கதை கொஞ்சம் வேறு. 1973 வாக்கில் அவருக்குப் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. செயலாளராக இருந்த பென்னி லெவியோடு அவர் நடத்திய உரையாடல் 1980 மார்ச்சில் வெளிவந்தபோது சிமோன் தெ பொவ்வார் அதிர்ந்துபோனார்: இது சார்த்தரின் குரல் அல்ல, லெவி அவர் வாயில் திணித்தது என்பது அவர் தரப்பு. ஆனால் சார்த்தரே பத்திரிகை ஆசிரியருக்குப் போன் செய்து வெளியிடச் சொல்லிவிட்டார். கண் போனாலும் போனை எடுத்துப் பேசினால் கேட்கிற ஆசிரியர் ஒருவர் அவருக்கு இருந்தார்.

இந்த வசதி இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? சில நேரம் கோர்ட்டுக்குப் போவார்கள். ஸ்வெட்லானா அலெக்ஸீவிச், ஆப்கன் போரிலிருந்து துத்தநாகப் பெட்டிகளில் திரும்பிய பையன்களைப் பற்றி அவர்களுடைய தாய்மாரிடமும் உடன் போரிட்டவர்களிடமும் பேசி ஒரு புத்தகம் எழுதினார். பேசியவர்களில் சிலர், நாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார் என்று வழக்குப் போட்டார்கள். 1993இல் மின்ஸ்க் நகரில் விசாரணை நடந்தது. பின்னால் ராணுவத் தரப்பின் தூண்டுதல் இருக்கிறது என்று அலெக்ஸீவிச்சின் ஆதரவாளர்கள் சொன்னார்கள். இருக்கலாம். அதற்காக, மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் “இது என் பேச்சு இல்லை” என்று சொல்வதை வெறும் தூண்டுதல் என்று தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அவருடைய புத்தகங்களில் ஒரே சாட்சியம் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அலெக்ஸீவிச் செய்த நேர்மையான காரியம், அந்த வழக்கின் ஆவணங்களைப் பிந்தைய பதிப்புகளில் புத்தகத்தோடேயே சேர்த்தது. 2015இல் நோபல் பரிசு வந்தபோது நம்மூரில் எழுதியவர்கள் பலகுரல் தன்மை என்று வியந்தார்கள். அந்தக் குரல்களில் சில கோர்ட் வாசலில் நின்றதைப் பற்றிப் பேச்சில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. பாண்டிச்சேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயக் கூலியாகவும் மருத்துவச்சியாகவும் இருந்த வீரம்மா, பாட்டுச் சேகரிக்க வந்த ஜோசியான் ரசீனிடம் சுமார் பத்து வருஷம் பேசிய பேச்சு 1995இல் புத்தகமாயிற்று. பேசியது தமிழில், முதலில் அச்சானது பிரெஞ்சில், 1997இல் ஆங்கிலத்தில். நான் படித்தது ஆங்கிலத்தில். ஒரு தமிழ்த் தலித் பெண்ணின் பேச்சை ஒரு தமிழ் எம்.ஏ. அகராதியைப் புரட்டிப் புரட்டிப் படித்தான் என்பதை இங்கே பதிவு செய்துவைக்கிறேன். நூலில் கேள்விகள் கிடையாது, வீரம்மா தானாகவே பேசிக்கொண்டு போவது போல இருக்கும். அது ஒரு ஏமாற்றுதான். ஆனால் ஆசிரியர் வரிசையில் முதல் பெயர் வீரம்மாவுடையது. அதைவிட முக்கியம், அவரைப் போராளியாக்க யாரும் முயலவில்லை. அவர் விதியை ஒப்புக்கொள்கிறார், சாமி வந்ததைச் சொல்கிறார், ஆபாசமாகக் கேலி செய்கிறார். அவருடைய பையனுக்கே அவர் நினைப்பு பிடிக்கவில்லை. நம் தோழர்கள் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோதுதான் என் நேர்காணல் ஞாபகம் வந்து சுருக்கென்றது.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இங்கே யாரும் எழுதுவது போலப் பேசுவதில்லை. பேராசிரியரும் வீட்டில் ‘வந்துச்சு, போச்சு’தான். ஆனால் அவர் நேர்காணலில் ‘வந்தது, போனது’ என்று அச்சாகும். கூத்துக் கலைஞர் நேர்காணலில் மட்டும் கொச்சை அப்படியே இருக்கும், அதற்குப் பெயர் மண்வாசனை. பக்கத்திலேயே கேள்வி சுத்தமான எழுத்துத் தமிழில் நிற்கும். கேட்டவர் வாயில் என்ன, அச்சுக் கோத்தா வைத்திருந்தார்? விளிம்புநிலையினர் பேச முடியுமா என்று 1988இல் காயத்ரி ஸ்பிவாக் கேட்டதை நாம் எல்லோரும் மேற்கோள் காட்டியாயிற்று. பேசினதற்குப் பிறகு அந்தப் பேச்சில் விகுதியை மாற்றுகிறவர் யார் என்பது அவ்வளவு கௌரவமான கேள்வி இல்லை போலும்.

நான் மாற்றியது விகுதியைத்தான். பதிவில் அந்த அம்மா, “மிராசு வந்தாங்க, களத்துல நின்னாங்க, ஒண்ணுஞ் சொல்லல அவுங்க” என்கிறார். நான் “மிராசுதார் வந்தான், களத்தில் நின்றான்” என்று போட்டேன். சங்கத்தில் இருந்தவர் மிராசுதாருக்கு மரியாதை கொடுப்பது எனக்கு உறுத்தியது. கட்டுரை பலவீனமாகிவிடும் என்று நினைத்தேன். “மரக்கால தலதட்டி அளக்காதீங்க, குமிச்சு அளங்கன்னு கேட்டோம்” என்றதை “நிலப்பிரபுத்துவச் சுரண்டலுக்கு எதிராக அணிதிரண்டோம்” ஆக்கினேன். இப்போது கேட்டால் அந்த ‘ங்க’வில் என்ன இருக்கிறது என்று எனக்கே நிச்சயமில்லை. ஒரு இடத்தில் பயம் மாதிரி இருக்கிறது, ஒரு இடத்தில் வெறும் பழக்கம், இன்னொரு இடத்தில் இழுத்துச் சொல்கிற இழுப்பில் பச்சையான கிண்டல். மூன்று மணி நேரப் பதிவில் ஒரே ஒரு தடவை, குடும்பத்து விஷயம் ஒன்றைச் சொல்லும்போது, ‘அவன்’ என்கிறார். குரல் உயரவில்லை. அடுத்த வாக்கியத்திலேயே மறுபடியும் ‘அவுங்க’. எல்லா இடத்திலும் நான் ‘அவன்’ போட்டுவிட்டதால் அவர் சொன்ன அந்த ஒரு ‘அவன்’ அச்சில் காணாமல் போயிற்று.

இன்னொன்றையும் வெட்டியிருக்கிறேன். பேச்சின் தொடக்கத்தில் அவர் என்னைக் கேட்கிறார்: “நீங்க எந்தூரு தம்பி? யாரு வூட்டுப் புள்ள?” கேள்வியின் பொருள் உங்களுக்கும் தெரியும். நான் ஊர்ப் பெயரை மட்டும் சொல்கிறேன். “ஊரு சரி” என்கிறார் அவர். நான் பேச்சை மாற்றி, சங்கத்தில் எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்கிறேன். அச்சில் நேர்காணல் இங்கிருந்துதான் தொடங்குகிறது. சாதி பற்றிப் பதினான்கு பக்கம் அவரைப் பேசவைத்தவன் தன் சாதியைச் சொல்லாமல் தப்பித்த இடம், இடம் போதாமையால் நீக்கப்பட்டது.

இதழ் வந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேத்தி வாசித்துக் காட்டியது. பூராவும் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னார்: “நல்லாருக்கு தம்பி. யாரு பேசுனது இது?” அன்றைக்கு இதை வெள்ளந்தித்தனம் என்று எடுத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

2019இல் அவர் இறந்துவிட்டார். தொகுப்புக்காகப் பதிவிலிருந்து மறுபடி முதலிலிருந்து எழுதினேன். ‘ங்க’வை எல்லாம் திருப்பி வைத்தேன். என் கேள்விகளையும் நான் பேசியபடியே போட்டேன், படிக்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அவர் என்னைக் கேட்டது, நான் மழுப்பியது, இரண்டும் இருக்கின்றன. படியைப் பேத்திக்கு அனுப்பி, எதை வேண்டுமானாலும் மாற்றச் சொன்னேன். அது இப்போது கல்லூரி முடித்துவிட்டு வேலைக்குப் போகிறது. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தது. “எல்லாம் ஆயா பேசுற மாதிரியே இருக்குண்ணே. அந்த ஒரு பாரா மட்டும் வேணாம். குடும்பத்துல இன்னும் ஆளுங்க இருக்காங்க.”

அந்த ‘அவன்’ வருகிற பத்திதான். அச்சகத்துக்குப் போன பிரதியில் அது இல்லை.