கௌபாய் படம்: பெயரும் பெயர்ப்பும்

'வெஸ்டர்ன்' என்னும் திரைப்பட வகை ஆங்கிலத்தில் நிலத்தால் பெயர்பெற்றது. தமிழிலோ 'கௌபாய் படம்' என ஆளால் பெயர்பெற்றது. ('மேற்கத்தியப் படம்' எனின் ஹாலிவுட் முழுவதையும் அது சுட்டிவிடும்.) கர்ணனின் 'கங்கா' (1972) குதிரையையும் துப்பாக்கியையும் பெயர்த்தது, நிலத்தின் அமைதியைப் பெயர்க்கவில்லை. இவ்வகையின் உயர்வு அவ்வமைதியிலேயே உள்ளது. செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த வெஸ்ட்' (1968) தொடக்கத்தில் மூவர் இரயிலுக்காகக் காத்திருக்கின்றனர். காற்றாலையின் கிறீச்சொலி, ஈயின் ரீங்காரம், சொட்டும் நீர்; பேச்சு மிக அரிது. வாஷியில் இதற்குத் தமிழ்த் துணைத்தலைப்பு எழுத முற்பட்ட நான் வெறுந்தாளுடன் நெடுநேரம் இருந்தேன். 'ஷோலே' (1975) வழிகாட்டிற்று. தாக்கூர் குடும்பம் கொல்லப்படும் காட்சியில் கேட்பது ஊஞ்சலின் கிறீச்சொலி. காற்றாலை இந்திய முற்றத்தில் ஊஞ்சலாயிற்று. சொற்பெயர்ப்பாயின் அது பிழை. இங்கோ அதுவே பொருத்தம்.