வகையும் வரிசையும்

கலைகளை வகைப்படுத்தி நோக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலிலே பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழு வகை கூறினார். அவ்வளவில் அமையாது, வனப்பு எட்டனுள் ‘விருந்து’ என ஒன்றையும் வைத்துப் புதிதாகத் தோன்றுவனவற்றிற்கும் இடம் ஒதுக்கினார். பின்வந்த பாட்டியலாரோ உறுப்புக்களை எண்ணுவதிலே கருத்தூன்றினர். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) பிரபந்தங்களைத் தொண்ணூற்றாறு எனத் தொகை செய்தது. வகுப்பறைகளிலே பெரிதும் பயிலப்படுவது இத்தொகையே. கலம்பகத்தின் உறுப்புப் பதினெட்டு, பிள்ளைத்தமிழின் பருவம் பத்து எனத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணாக்கன் ஒரு கலம்பகத்தையேனும் முழுதாகக் கற்றிருப்பான் என்பது ஐயமே. பெட்டியின் மேலுள்ள பெயரைப் படித்தல் வேறு. பெட்டியைத் திறத்தல் வேறு.

வகை என்பது உண்மையில் செய்வோனுக்கும் கேட்போனுக்கும் இடையேயுள்ள உடன்பாடாகும். இன்னது வரும் எனக் கேட்போன் எதிர்நோக்குகின்றான். அவ்வெதிர்நோக்கை அறிந்தே புலவன் அதனை நிறைவேற்றுகின்றான், அல்லது வேண்டுமென்றே பிறழச் செய்கின்றான். அரிஸ்டோட்டில் துன்பியல் நாடகத்திற்கு இலக்கணம் கூறுமிடத்து, காண்போர் உள்ளத்தெழும் இரக்கத்தையும் அச்சத்தையும் அவ்விலக்கணத்தின் உள்ளேயே வைத்தமை இங்கு நினைவுகூரற்பாலது.

தூது என்னும் பிரபந்தத்தை நோக்குக. அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனத் தூது செல்வன பத்தென்பர். உமாபதி சிவாசாரியர் நெஞ்சினைத் தூதுவிட்டபோது அவ்வரம்பினுள்ளேயே நின்று சைவ சித்தாந்தம் உரைத்தார். பின்னர் ஒருவர் தமிழையே தூதாக்கினார். அதனோடும் நில்லாது பணமும் புகையிலையும் தூது சென்றன. புகையிலை விடு தூதின் சுவை எங்கேயுள்ளது? அன்னமும் கிளியும் சென்ற வழியிலே புகையிலை செல்வதில் உள்ளது. முன்னைத் தூதுகளை அறியாதான் அதனைப் புகையிலைக்குப் பாடிய புகழுரையெனக் கொண்டு, நகையாது மேற்செல்வான். விதி நிலைபெற்றிருந்தமையாலேயே விதிமீறல் பொருள்பெற்றது.

யாழ்ப்பாணத்திலேயே இதற்கு இன்னும் கூரிய சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நட்டுவச் சுப்பையனார் பாடிய கனகி புராணம், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிற் கணிகை ஒருத்தியையும் அவள்பால் மயங்கிய பெரியோரையும் எள்ளி நகையாடுவது. நூல் முழுதும் கிடைத்திலது. எஞ்சியவை சில பாடல்களே. ஆயினும் அதன் பெயரே பாதி வேலையைச் செய்துவிடுகின்றது. கோயில் தோறும் கந்தபுராணம் படிக்கப்பட்ட நாடு இது. ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பயன் சொல்ல, முதியோரும் சிறுவரும் இருந்து கேட்ட நாடு. படலம் என்றால் என்ன வரும், எவ்வோசை வரும், எத்தகையோர் புகழப்படுவர் என்பதெல்லாம் எழுத்தறியாதார்க்கும் தெரியும். அச்செவிகளை நம்பியே சுப்பையனார் பாடினார். தெய்வத்திற்குரிய ஆசனத்திலே ஊர்ப் பிரமுகரை இருத்திக் காட்டியதனாலேதான் அவர் எள்ளல் சுட்டது. அதே செய்தியைத் தனிப்பாடலாகப் பாடியிருப்பின் அஃது ஊர்வம்பாய் ஒழிந்திருக்கும். இதனைப் புராண இலக்கணத்திற்கு மாறானதென்றோ கொச்சை நூலென்றோ ஒதுக்குவோர், புராணத்தையும் அறிந்தாரல்லர், அங்கதத்தையும் அறிந்தாரல்லர். தொல்காப்பியர் அங்கதத்திற்குத் தனியிடம் தந்தமை அவர்கட்கு மறந்துபோலும்.

இங்ஙனம் வகையை வரிசையென மயங்குதல் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பிரான்சிலே பெலிபியன் என்பார் 1667இல் ஓவியங்களைத் தரப்படுத்தியபோது, வரலாறும் புராணமும் தீட்டுவோரை உச்சியிலும், பழமும் பாத்திரமும் தீட்டுவோரை அடியிலும் வைத்தார். விலங்கும் பழமும் வரைவோர் என்ற பெயரில் 1728இல் ஓவியக் கழகத்திற் சேர்ந்த சார்டான், அடிப்படியிலேயே நின்று தொழில் செய்தார். ஆயினும் அன்று உச்சியிலிருந்தோர் பலரை இன்று தேடுவாரில்லை. சார்டானின் பாத்திரங்களின் முன்னே மக்கள் இன்றும் நிற்கின்றனர். வகையின் உயர்வு படைப்பின் உயர்வாகாது.

இசையிலும் திரைப்படத்திலும் நிலை இதுவே. ஒரே இராகம் க்ஷேத்திரக்ஞரின் பதத்தில் வரும்போது செவி எதிர்நோக்குவது ஒன்று. தியாகராசரின் கீர்த்தனையில் வரும்போது எதிர்நோக்குவது மற்றொன்று. ஜோன் போர்டின் ‘ஸ்டேஜ்கோச்’ (1939) முதலிய கௌபோய்ப் படங்களிற் பழகியோர்க்குத் துப்பாக்கி வீரன் அறத்தின் பக்கம் நிற்பான் என்ற நம்பிக்கை இருந்தது. குரோசாவாவின் ‘யோஜிம்போ’வை (1961) தழுவி 1964இல் லியோனே எடுத்த படத்திலே, வீரன் இரு பகைவரிடத்தும் கூலி வாங்கினான். அந்நம்பிக்கை இல்லாதார்க்கு அங்கே அதிர்ச்சியும் இல்லை.

நாட்டுக்கூத்தைப் பற்றிய வாதம் இவ்விடத்திலேயே தெளிவுபெறும். மட்டக்களப்பு வடமோடிக் கூத்து, வட்டக்களரியிலே, நாற்புறமும் ஊரவர் சூழ்ந்திருக்க, இரவு முழுதும் ஆடப்படுவது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைப் படச்சட்ட மேடைக்குரியனவாகச் சுருக்கி அமைத்தார். கூத்தைப் பாமரர் பொழுதுபோக்கென இகழ்ந்திருந்த கற்றோரையும் அவை கவர்ந்தன. அவற்றைக் குறைபட்ட வடமோடி என்றனர் சிலர். திருந்திய வடமோடி என்றனர் வேறு சிலர். இரு சாராரும் பழைய வகையின் அளவுகோலையே புதியதன்மேல் வைத்தனர். ஆட்டமும் தாளக்கட்டும் வடமோடிக்குரியனவே. எனினும் ஒருபுறம் மட்டும் இருந்து, சில மணி நேரத்திற் கண்டு எழுவோருடன் செய்துகொண்ட உடன்பாடு வேறானது. விடியும்வரை விழித்திருந்து ஒவ்வோர் ஆட்டக்காரனின் வரவையும் நிறுத்துப் பார்க்கும் ஊரவர் அங்கே இல்லை. இராவணனைத் துன்பியல் வீரனாகக் காண வந்தோரே இருந்தனர். அவ்வீழ்ச்சி ஆட்டத்தாலும் பாட்டாலும் அவர்கள் உள்ளத்தைத் தொட்டதா என்பதே ‘இராவணேசன்’பால் எழுப்பத்தக்க வினா; களரியிற் பாடப்படும் விருத்தங்களுள் எத்தனை விடுபட்டன என்பதன்று.