கலயமும் கதையும்

நம் கதைகளில் கள்ளுக்கடை வந்தால் கூடவே ஒரு வாடையும் வந்துவிடும். 'குப்பென்று புளித்த நாற்றம்' என்று எழுதிவிட்டால் ஆசிரியருக்கு வேலை தீர்ந்தது. வாசகர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடுவார். நானும் அப்படி எழுதினவன்தான். என் கதை ஒன்றில், விடியற்காலையில் மரத்தடியிலேயே ஒருவன் கலயத்தை வாங்கிக் குடிப்பான். புளிப்பு வாடை தெருக்கோடி வரை வீசும்.

அரியலூருக்குப் பக்கத்தில் ரெட்டிபாளையத்துப் பெரியவர் ஒருவர் பேரனை விட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். 1987-இல் கள்ளுக்குத் தடை வரும்வரை பனை ஏறினவர். போயிருந்தபோது பிடித்துக்கொண்டார்.

"வெள்ளன இறக்கினது இனிச்சுக்கிட்டுல்ல இருக்கும்? பொழுது சாயச் சாயத்தாங்க புளிப்பு ஏறும். மறுநாள் அது காடி. கலயத்துல சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாட்டிக் கள்ளு. மரம் ஒண்ணுதான். ஏறினவனை மட்டும் திருடன் மாதிரி எழுதிப்பிட்டீங்களே!"

சிமெண்டு ஆலை நடக்கிற ஊர். காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அங்கே போய் சுண்ணாம்பைப் பற்றி நான் என்ன வாதாடுவது?

இங்கிலாந்தில் பீப்பாய் பீரைப் பற்றியும் இதே சங்கதிதான். அதில் ஈஸ்ட் உயிரோடிருக்கும். பீப்பாய்க்குள்ளேயே பதம் ஏறும். திறந்தால் சில நாள்தான் ஆயுள். வடிகட்டி, கரியமில வாயுவால் குழாய்க்குத் தள்ளும் பீர் பரவியதும், பழையதைக் காப்பாற்ற 1971-இல் அங்கே ஓர் இயக்கமே கிளம்பிற்று. இங்கே மதுவிலக்குத் தளர்ந்ததும் அதே வருஷந்தான்.

குடியை எதிர்த்து எழுதக் கூடாதென்று நான் சொல்லவில்லை. ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி'யை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் எழுதியது. 1974-இல் படமாகவும் வந்தது. பிரசாரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அங்கே குடி வெறும் வாடையாக நின்றுவிடவில்லை. வண்டிக்கு வாங்கின கடனாக, வீட்டில் தனித்து நிற்கும் பெண்ணாக வருகிறது. அவள் படும் பாட்டை நம்பாமல் இருக்க முடியாது. குடிக்கிறவனுக்கு அந்தக் கடையில் என்னதான் கிடைத்தது என்ற கேள்வி மட்டும் எனக்குத் தீரவில்லை. பின்னால் எழுதிய எங்களில் பலர் பார்வதியை விட்டுவிட்டு, பிரசாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என் கதையில் விடியற்காலையை மாலையாக்கிவிட்டேன். ஒரு வரி வேலை. மரம் ஏறினவன் அப்படியே இருக்கிறான். அவனைத் திருத்தினால் கதை முழுவதையும் மறுபடி எழுத வேண்டும், இன்னும் உட்காரவில்லை.