கண்ணும் கம்பியும்

‘பத்து மெஷ் எஸ்.எஸ். வலை என்ன விலை?’ என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் எந்த வலைக்கு விலை சொல்வார்?

பத்து மெஷ் என்றால் அங்குலத்துக்குப் பத்துக் கண்கள், அவ்வளவுதான். கண்ணின் அகலம் கம்பியின் தடிமனைப் பொறுத்தது. 25.4 மி.மீட்டரைப் பத்தால் வகுத்துக் கம்பி விட்டத்தைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்: 0.5 மி.மீ. கம்பிக்குக் கண் 2.04, 0.9 மி.மீ. கம்பிக்கு 1.64. முன்னதில் நழுவி விழும் 1.8 மி.மீ. மணி, பின்னதில் மேலேயே நின்றுவிடும்.

கம்பித் தடிமனைக் குறிக்கும் கேஜ் கணக்கு இன்னும் வேடிக்கை. எண் ஏற ஏறக் கம்பி மெலியும்.

எஸ்.எஸ். எனும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் கிரேடுகள் உண்டு: கடற்காற்று படும் இடத்தில் 304-ஐவிட, மாலிப்டினம் கலந்த 316 துருவை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல்.

மெஷ், மி.மீட்டரில் கம்பி விட்டம், உலோக கிரேடு, பின்னலா வெல்டிங்கா, ரோலின் அகலம், நீளம் என ஆறையும் எழுதிக் கொட்டேஷன் கேளுங்கள். அப்போதுதான் நாலு கடை விலையை ஒப்பிட முடியும்.