முட்டையோடும் காபன் காலக்கணிப்பும்

கதிரியக்கக் காபன் முறை தரும் ஆண்டுக்கணக்கை ஐயமின்றி ஏற்போரும் உளர். முற்றாக மறுப்போரும் உளர். இருசாராரும் எண்ணை நோக்குகின்றனரேயன்றி, அவ்வெண்ணைத் தந்த பொருளை நோக்குவதில்லை. தொல்பறவைகளின் முட்டையோட்டைக் கொண்டு இம்முறையின் நம்பகத்தன்மையை ஈண்டு ஆராய்வாம்.

லிபி என்னும் அமெரிக்க அறிஞர் 1949இல் வெளியிட்ட இம்முறை, உயிர் நீங்கிய பொருளிலுள்ள காபன் 14 அணுக்கள் 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதை அடிப்படையாகக் கொண்டது. முட்டையோடு இதற்கு மிக ஏற்றது. எலும்பிலுள்ள புரதம் வெப்பநிலங்களில் விரைந்து அழியும். தடித்த முட்டையோட்டின் கல்சியங் காபனேற்றுப் பளிங்குகளோ நெடுங்காலம் பெரிதும் மாறாதிருக்கும். மேற்பரப்பை அமிலத்தாற் கரைத்து நீக்கின், புறத்தே படிந்த மாசும் பெரும்பாலும் அகலும்.

எனினும் இரு குறைகள் உள. முதலாவது, வயதைக் கூட்டிக் காட்டுவது. தீக்கோழி இரையோடு விழுங்கும் பழைய சுண்ணாம்புக்கல்லின் காபனிற் சிறுபகுதி ஓட்டிற் சேரும். இதனால் வயது சராசரியாக 180 ஆண்டு கூடித் தோன்றுமெனத் தென்னாபிரிக்காவில் வோகல் முதலியோர் 2001இற் காட்டினர். 2,000 ஆண்டுப் பழைய ஓட்டிற்கு இது பெரும்பிழை. 20,000 ஆண்டுப் பழையதற்கு நூற்றிலொரு பங்கினுங் குறைவு.

இரண்டாவது, வயதைக் குறைத்துக் காட்டுவது. 50,000 ஆண்டு சென்ற ஓட்டில், தொடக்கத்திலிருந்த காபன் 14இன் நானூற்றிலொரு பங்களவே எஞ்சும். அவ்வோட்டின் காபனில் நூற்றிலொரு பங்கு இக்காலத்ததாயின், வயது ஏறத்தாழ 36,000 ஆண்டெனவே தோன்றும்.

இப்பிழையின் விளைவு சிறிதன்று. அவுஸ்திரேலியாவில் வாழ்ந்த ஜெனியோர்னிஸ் என்னும் பறக்காத பெரும்பறவை, மனிதர் குடியேறிச் சில ஆயிரம் ஆண்டுகளில் மறைந்ததாயின், அழிவுக்கு மனிதரே காரணரென்னும் கருத்து வலுப்பெறும். பதினாலாயிரம் ஆண்டு பிந்தி மறைந்ததாயின் அது தளரும். மில்லர் முதலியோர் 1999இல் 700இற்கு மேற்பட்ட ஓட்டுக் கணிப்புகளைக் கொண்டு, அப்பறவை ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்ததென்றனர். காபனை மட்டும் நம்பாது, அமினோ அமில மாற்றம், யுரேனியச் சிதைவு, மணலின் ஒளிர்வு ஆகியவற்றையும் அவர் துணைக்கொண்டமையே அம்முடிவிற்கு வலிமை. ஆயினும் அமினோ அமில மாற்றம் நிலத்தின் வெப்பத்தைப் பொறுத்ததாதலின், அதுவும் பிறமுறைகளால் அளவிடப்பட வேண்டியதே.

ஆதலின், 20,000 ஆண்டளவான ஓட்டிற்குக் காபன் கணிப்பு தக்க சான்று. அதனினும் மிக இளையதற்கு உணவு பற்றிய திருத்தம் வேண்டும். 40,000 ஆண்டிற்கு அப்பால் அது தனித்து நின்று சான்றாகாது. ஒரு வயதை நூலிற் காணும் மாணவர், அவ்வோடு எவ்வாறு தூய்மையாக்கப்பட்டது, வேறெம்முறையோடு ஒப்பிடப்பட்டது என வினவியே அதனைக் கொள்ளுதல் தகும்.